நுரைக்காரி

அக்கா மைக்கை வாய்க்கு நேரே பிடிக்கமாட்டாள். தாவாங்கட்டைக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் உளுந்து ஊறப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில் பேசுவாள். வேனின் தலையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அந்தக் குரலை ஊரின் கடைசி வேலிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். வாங்கவேண்டும் என்று இல்லை, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போங்கள், பார்ப்பதற்குக் காசா பணமா என்பாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கூட்டத்தைப் பார்க்காது. முன்னால் இருக்கிற வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் திருநெல்வேலியில் மார்க்கெட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் நடுவில் ஒரு வருஷம் ஏதாவது கம்பெனியில் வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் கடைசி வருஷத்தில் உட்கார விடுவார்கள். கூடப் படித்தவர்களுக்கு மதுரை, கோயமுத்தூர் என்று ஏசி போட்ட அறைகளாக அமைந்தன. எனக்குக் கோவில்பட்டியில் ஒரு சலவைத் தூள் கம்பெனியின் விளம்பர வேன் அமைந்தது. மார்க்கெட்டிங் என்றால் சுவரில் படம் ஓட்டிக் காட்டி இங்கிலீஷில் பேசுவது என்று நினைத்துக்கொண்டு போய் இறங்கினேன். முதல் நாள் காலையில் அக்கா என் கையில் ஒரு வெள்ளை வேட்டியையும் ஒரு சட்டி கரிசல் மண்ணையும் கொடுத்தாள்.

"நல்லெண்ணெயும் விட்டு நல்லாத் தேய் பிள்ள. பாக்கவுகளுக்கு வயிறு எரியணும்" என்றாள்.

அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். சிரித்துக்கொண்டு சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கடைசிவரை அவள் பேச்சில் அது விளங்கியதில்லை.

வேனில் மூன்று பேர். அக்கா, நான், வண்டி ஓட்டுகிற அண்ணாச்சி. ஒரு நாள் கயத்தாறு பக்கம், ஒரு நாள் மணியாச்சி பக்கம், மற்ற நாளெல்லாம் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்கள். ஊர் மந்தைவெளியில் வேனை நிறுத்தி, பாட்டுப் போட்டு, பெண்கள் கூடியதும் அழுக்கு வேட்டியை விரித்துக் காட்டவேண்டும். அக்கா வாளியில் தண்ணீர் ஊற்றி, தூளைப் போட்டு, கையை விட்டு நாலு கலக்குக் கலக்குவாள். முழங்கை மூழ்க நுரை பொங்கும். அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக் காட்டும்போது பிள்ளைகள் ஓவென்று கத்தும். அந்த ஊர்களில் அவளுக்குப் பெயரே நுரைக்காரி. நுரைக்காரி வந்துட்டா என்று சொல்லிக்கொண்டுதான் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடிவரும். வேட்டியை வெளுக்கவைத்து உதறியதும் நான் பாக்கெட் விற்கவேண்டும். இதே காரியம், வேறு வேறு ஊர்களில், வருஷம் முழுக்க. கொஞ்ச நாளில் எனக்கு ஊர்ப் பெயர்கள் மறந்தன. பிறகு கிழமைகள் மறந்தன. வெயில் மட்டும் நினைவிருக்கிறது.

வேனின் பின்பக்கம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். அதில் கோவில்பட்டிக் குழாய்த் தண்ணீர். நாங்கள் போகிற ஊர்க் கிணறுகளில் முக்கால்வாசி உப்பு. அந்தத் தண்ணீரில் எங்கள் தூளைப் போட்டால் திரிந்த பால் மாதிரி மேலே கொஞ்சம் மிதக்கும், அவ்வளவுதான். அதனால் நுரை காட்டுவதற்கு நல்ல தண்ணீரை நாங்களே சுமந்துகொண்டு போனோம். இது எனக்கு உறைக்கவே சில நாள் ஆயிற்று. அப்படியென்றால் இவர்கள் வீட்டுத் தண்ணீரில் நுரைக்காதே அக்கா என்று கேட்டேன். நுரைக்காது என்றாள். தெரிந்துமா வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

"அவியளுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். ஏதோ வாங்குதாக. இருக்கட்டும்" என்றாள்.

இந்த 'இருக்கட்டும்' அவள் வாயில் எப்போதும் இருந்தது. தினப்படிக் காசு வரவில்லையா, இருக்கட்டும். வேன் டயர் பஞ்சராகி உச்சிவெயிலில் வெட்டவெளியில் நிற்கிறோமா, இருக்கட்டும். சோற்றுத் தூக்கில் எறும்பு ஏறிவிட்டதா, ஊதி ஊதித் தின்றுவிட்டு அதற்கும் இருக்கட்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை என்று அண்ணாச்சிதான் ஒரு நாள் எனக்குச் சொன்னார். அதற்கும் அவள் இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. புருஷன் போனபின் மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேனைப் போட்டிருந்தோம். குடித்திருந்த ஒருவன் வந்து அக்கா கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். நுரையைப் பார்த்து, அவளைப் பார்த்து, வாயில் வரக்கூடாததையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி பேசினான். அண்ணாச்சி டீக்கடையிலிருந்து ஓடி வருவதற்குள் அவன் பாதிப் பாட்டும் பாடிவிட்டான். அக்கா அசையவில்லை. நுரைக்குள் விட்ட கையை எடுக்காமல் அவன் முடிக்கிறவரை நின்றாள். அவனாகவே சலித்துப்போய் மைக்கை நீட்டியதும் வாங்கி, முந்தானையால் துடைத்து, எந்த வாக்கியத்தில் விட்டாளோ அந்த வாக்கியத்தின் மீதியைச் சொன்னாள். காலர் அழுக்குக்குத் தனியாகத் தேய்க்க வேண்டாம் என்கிற வாக்கியம்.

வேனில் ஏறியபின் உங்களுக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். வந்து என்ன செய்ய, அடுத்த ஊருக்கு நேரமாகிறதே என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டானது. கொஞ்சம் பயமும் உண்டானது. இரண்டையும் பிரித்து எடுக்க என்னால் முடிந்ததில்லை.

டிரம்மில் இருக்கும் தண்ணீர் கம்பெனித் தண்ணீர் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. நுரை வரவேண்டும் என்று சொன்ன கம்பெனி தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. கோவில்பட்டியில் அப்போது குழாயில் தண்ணீர் வந்தால் அதுவே ஒரு திருநாள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்குத் தெருவே தூங்காமல் பிடித்துவைக்கும். அப்படி அண்ணன் வீட்டில் பிடித்துவைத்ததிலிருந்துதான் அக்கா டிரம்மை நிரப்பி வந்தாள். மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். பேசினால்கூடப் பரவாயில்லை என்று அக்கா ஒரு நாள் சொன்னாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மணியாச்சிப் பக்கம் போயிருந்தோம். வழியில் அண்ணாச்சி டெலிபோன் பூத்திலிருந்து, எங்கள் வேனை அனுப்புகிற கோவில்பட்டி ஏஜென்சிக்குப் பேசிவிட்டு வந்து, அக்காவின் மகள் பெரியவளாகிவிட்டாள், வீட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது என்றார். நான் சந்தோஷமாக அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் தலையை ஆட்டினாள். வண்டியைத் திருப்பட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருக்கிறதே, முடித்துவிட்டே போகலாம் என்றாள். இரண்டு ஊரிலும் நுரை காட்டினாள், குரல் மாறவில்லை. இரண்டாவது ஊரில் வாளியைக் கவிழ்த்தபோதுதான், கறுப்பு மண்ணில் இறங்குகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று வீட்டில் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. இருந்த தண்ணீர்தான் எங்களோடு மணியாச்சிக்கு வந்துவிட்டதே. மதினி அப்போதும் எதுவும் பேசவில்லை. அண்டாக்களை வாசலில் கொண்டுவந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு குடம் கொடுத்துத்தான் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் அங்கே நின்றேன். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வேனில் போகும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தனியா ஒரு வீடு பாக்கணும் ஏட்டி. ஒத்த அறை போதும். உள்ளுக்குள்ள ஒரு குழாய் இருக்கணும்."

அவள் வாயிலிருந்து ஏதாவது ஒன்று வேண்டும் என்று நான் கேட்டது அப்போதுதான். வீடு பார்ப்பதற்கு வழியும் ஒன்று இருந்தது. மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து காரில் வருகிற ஏரியா மேனேஜர், இந்தப் பக்கத்து விற்பனை ஏறினால் பொங்கலுக்கு அவளைக் கம்பெனி ஆளாக எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்காக நாள் கூலிக்கு வேனில் நின்றவளுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., எல்லாம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடுகூடப் பார்த்துவைத்திருந்தாள். ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய் வெளியிலிருந்தே காட்டினாள். இங்கன கட்டில், அங்கன பிள்ளை படிக்கிற மேசை, குழாய்க்குக் கீழே ஒரு தொட்டி என்று பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். அவ்வளவு நேரம் அவள் மைக் இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. பொங்கல் வரை வேறு யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

விற்பனை ஏறியது இப்படித்தான். ஆவணியில் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு ஊர். குடிதண்ணீருக்கே பெண்கள் மைல் கணக்கில் நடந்துகொண்டிருந்த சமயம். நுரை காட்டி முடித்ததும் ஒருத்தி ஒரு பாக்கெட் வாங்கினாள். வாங்கிவிட்டுப் போகாமல் செம்பு ஒன்றை நீட்டினாள். மருமகள் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, உப்புத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறாள், டிரம்மில் மிச்சம் கிடப்பதில் ஒரு செம்பு கொடுங்கள் என்று கேட்டாள். அக்கா ஊற்றிக் கொடுத்தாள். அதைப் பார்த்த அடுத்தவள், நானும் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்கிறேன், எனக்கும் ஊற்று என்றாள். பிறகு வரிசை நின்றது. அரை மணி நேரத்தில் பெட்டி காலி, டிரம்மும் காலி.

ஏஜென்சி மூலமாக விஷயம் மதுரைக்குப் போனது. மேனேஜர் மறுநாளே வந்துவிட்டார். இதைத்தான் ஸ்கீம் என்று சொல்வது, உங்கள் படிப்பில் இதெல்லாம் வருமா என்று என்னைக் கேட்டார். வாரம் முடிவதற்குள் வேனில் பேனர் கட்டியாயிற்று. ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு செம்பு நல்ல தண்ணீர் இலவசம். டிரம்முக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று டிரம் ஏறியது. கயத்தாறு பக்கம் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டிலிருந்து கம்பெனி செலவில் தண்ணீர் எடுத்தோம். அண்ணன் வீட்டுத் தண்ணீருக்கு விடுதலை கிடைத்தது. நுரை காட்டுவதை நிறுத்திவிட்டோம். நுரையைப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை. அதில் செலவாகும் தண்ணீரில் எத்தனையோ பாக்கெட் விற்கலாம்.

மேனேஜருக்காக நான் பெரிய பெரிய அட்டைகளில் விற்பனைக் கோடு மேலே மேலே ஏறுவதுபோல வரைந்து கொடுத்தேன். அவர் கை தட்டினார். என் சான்றிதழில் இன்றைக்கும் மிக நன்று என்றுதான் இருக்கிறது. வரைந்தபோது எனக்குச் சந்தோஷமும் இல்லை, சங்கடமும் இல்லை. சாயங்காலம் ஆனால் குளித்துவிட்டுப் படுக்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

பெண்கள் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. பிரித்து என்ன செய்ய, அவர்கள் கிணற்றில்தான் நுரைக்காதே. ஓலைக் கொட்டானில் போட்டு, பரணில் ஏற்றிவைத்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், கொட்டான் வழிந்து கிடந்தது. அதையும் மேனேஜரிடம் சொன்னேன். வீட்டுக்குள்ள போயிருச்சுல்ல, அது போதும் என்றார்.

அந்த நாட்களில் ஒரு ஊரில், வாங்க வழியில்லாத ஒருத்தி வெறும் செம்போடு வரிசையில் வந்து நின்றாள். அவள் முறை வந்ததும் செம்பை நீட்டினாள். அக்கா செம்பைப் பார்த்தாள், அவளுடைய இன்னொரு கையைப் பார்த்தாள்.

"பாக்கெட்டு வாங்குனாத்தான் தாயி" என்றாள். மைக்கில் பேசுகிற அதே குரல். அதட்டவும் இல்லை, இரங்கவும் இல்லை.

செம்போடு வந்தவள் நகர்ந்து பூவரச மரத்தடியில் போய் நின்றாள். நாங்கள் பேனரைச் சுருட்டிக் கிளம்புகிறவரை நின்றாள். டிரம்மில் மிச்சம் இருந்தது. எனக்கு அக்காவைச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது அன்று ஒரு நாள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேன் ரோட்டில் ஏறியபின் அவளாகவே, ஒருத்திக்குச் சும்மா ஊற்றினால் மற்றவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பொங்கல் வரைக்குந்தான் பிள்ள" என்றாள்.

பொங்கல்வரை மழை காத்திருக்கவில்லை. ஐப்பசிக் கடைசியில் பிடித்தது. கரிசல் மண் சேறாகி, ஊருக்குள் வேன் போக முடியாமல் ஏஜென்சியிலேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் முகம் காட்டிய முதல் நாள், மேனேஜரும் காரில் பின்னாலேயே வர, விளாத்திகுளம் பக்கம் கிளம்பினோம். குடிதண்ணீர் ஊருணி கரைவரை நிறைந்து கிடந்தது. ஓடையில் தண்ணீர் ஓடியது. ஓடை நெடுகப் பெண்கள் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீரில் எங்கள் தூள் பொங்கியது. நுரை கட்டி கட்டியாக மிதந்து பாலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஆடின. அவ்வளவு நுரையை எந்த மந்தையிலும் அக்கா எழுப்பியதில்லை.

ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டோம். ஒருத்தியும் எழுந்து வரவில்லை. அக்கா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பி, வீட்டில் கொட்டான் நிறையக் கிடக்கிறது, அடுத்த மழைவரை எங்களுக்குப் போதும், தண்ணீரும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம் என்றாள். அடுத்த ஊரிலும் இதே பேச்சு. அதற்கடுத்த ஊருக்கு மேனேஜர் போகவேண்டாம் என்றுவிட்டார். கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, இனிமேல் இந்தப் பக்கம் வேன் தேவையில்லை, சங்கரன்கோவில் பக்கம் வேறு ஆளை வைத்துப் போடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். பொங்கலுக்கு என்று சொன்னீர்களே சார் என்று கேட்டாள். நான் அதிர்ந்து போனேன். அவள் கேட்பாள் என்று நினைக்கவே இல்லை.

"எதக் காட்டிம்மா உன்னைய எடுக்கச் சொல்றது?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கார் போய்விட்டது.

அக்கா வந்து டிரம்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் காலி. மழைக்குப் பிறகு பம்புசெட்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். கோவில்பட்டிக்கு வருகிற பெரிய குழாய் வெள்ளத்தில் உடைந்துபோய், மழை பெய்தும் ஊரில் தண்ணீர் இல்லை. இதெல்லாம் அவள் சொல்லவில்லை. வேனை ஊருணிப் பக்கம் விடச் சொன்னாள், அவ்வளவுதான்.

அங்கெல்லாம் ஊருணித் தண்ணீரை வெளியூர்க்காரர்கள் கேட்காமல் தொட முடியாது. செருப்போடு கரையேறினாலே சத்தம் போடுவார்கள். அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் குடத்தோடு இருந்த பெண்களிடம் போனாள்.

"ஒரு டிரம்மு எடுத்துக்கிடட்டுமா தாயி? வீட்டுக்கு வெறும் டிரம்மோட போக முடியாது" என்றாள்.

அவர்களில் ஒருத்தி, எங்களிடம் பல தடவை தண்ணீர் வாங்கியவள், சிரித்துக்கொண்டே, "எடுங்க எடுங்க. செம்புக்கு ஒரு பாக்கெட்டு, உங்க கணக்குத்தான்" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். கேலிதான், வேறு ஒன்றும் இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. வேனுக்குத் திரும்பி வந்து, பிரிக்காத பெட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் படியில் வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கேலி பேசியவள் எழுந்து, சும்மா சொன்னேன், பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், தண்ணீருக்கா பஞ்சம் என்று கையைப் பிடித்தாள்.

"நான் உங்களுக்குச் சும்மா ஊத்தலையே தாயி" என்றாள் அக்கா.

அவள் குடம் குடமாக மொண்டு தந்தாள், நான் வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தேன், அவர் டிரம்மில் ஊற்றினார். பெட்டி படியிலேயே இருந்தது. நாங்கள் கிளம்புகிறவரை அதை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் வேன் நின்றது. மதினி வெளியே வந்தாள். அக்காவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தாள். நிறைந்திருக்கிறது என்று தெரிந்ததும், ஒருக்களித்திருந்த கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.